சக்கரம் சுத்துனா வண்டி ஓடிருமாக்கும்?

வாங்க என்ஜினியருமாரே, வாங்க. இப்படி நிழலுக்கு வாங்க. ஏய்யா, அந்த ஸ்டூல்ல உக்காராத, கிரீசு இருக்கு. பேண்டு போச்சுன்னா உங்க ஆத்தா என்னையத்தான் ஏசுவா. ரோபோவையும் கையோட கொண்டாந்துட்டீகளா? நாலு பேரு சேந்துல்ல தூக்கிட்டு வாரீக. அது தானா ஓடும்னு பேரன் சொன்னானே!

சரி, சரி, மொகத்தைத் தூக்காதீக. எட்டாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்ட ஆளு நான். அச்சு மிஷினுக்குப் பல்லு வெட்டியும், தேஞ்ச சாப்டைக் கடைஞ்சும் சிவகாசியில வயித்தைக் கழுவுனவன். ஆப்செட்டுக்காரரு, டிரெடில்காரரு, அட்டைப்பெட்டி மிஷின்காரரு எல்லாரும் இந்தக் கடைசல் பட்டறை வாசல்ல அவசரம் அவசரம்னு நின்னவங்கதான். அதுக்காக ரோபோ விசயத்துல மூக்கை நுழைக்க எனக்கு யோக்கியதை உண்டுன்னு சொல்லுவனா? நீங்க மடியில வச்சுக் காட்டுன கம்ப்யூட்டர் படத்தைப் பாத்தேன். அம்சமா இருந்துச்சு. வண்டி முன்னால போகுது, பின்னால போகுது, மொகத்தைத் திருப்பாமயே பக்கவாட்டுல நழுவுது, நின்ன எடத்துல தட்டாமாலை சுத்துது. அந்தப் படத்தையே போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். படத்துக்குப் பாட்டரிச் செலவு கெடையாது, பல்லு தேயாது, ஸ்க்ரூ கழலாது.

போட்டியும் லேசுப்பட்ட போட்டியா? ரோபோகான்! ஜப்பான்ல என்.எச்.கே. டெலிவிசன்காரக 1988லயே மாணவர்களுக்குன்னு ஆரம்பிச்ச ஆட்டம். 2002ல டோக்கியோவுல வச்சு ஆசியா பசிபிக் நாடுகளுக்கெல்லாம் பொதுவாக்கிட்டாக. நம்ம நாட்டுல தூர்தர்ஷன் நடத்துது. சிவகாசிக்குக் குட்டி ஜப்பான்னு நேரு பேரு வச்சதா ஊரு முழுக்கச் சொல்லிக்கிறோம். பெரிய ஜப்பான் ஆட்டத்துக்குக் குட்டி ஜப்பான் பிள்ளைக போறது மொறைதான். வருசா வருசம் ஒரு கதையைச் சொல்லி, அதுக்குத் தக்கன ரோபோ செய்யச் சொல்லுவாகளாம். 2008ல புனேயில கோவிந்தா உறியடி. 2022ல டெல்லியில லகோரி. நாம சின்னதுல ஓட்டுச்சில்லை அடுக்கிவச்சுப் பந்தால அடிச்சுச் சாய்ச்ச அதே ஆட்டம். 2024ல வியட்நாம்ல என்னன்னா, நாத்து நடவு! குழாய்த் துண்டுதான் நாத்து, பந்துதான் நெல்லு, நெல்லைக் கொண்டுபோயி குதிருக்குள்ள போடணும். இங்கன வத்திராயிருப்புல நடவுக்கு ஆளு கெடைக்கலைன்னு சம்சாரி தலையில துண்டைப் போட்டு உக்காந்திருக்கான். அவன் வயல்ல எறங்க ரோபோ இல்லை, மேடையில எறங்க இருக்கு.

2019ல மங்கோலியாவுல நடந்தப்ப ஒரு ரோபோவுக்குச் சக்கரமே ஆகாது, நாலு கால்ல நடந்துதான் வரணும்னுட்டாகளாம். அந்த வருசம் நீங்க வந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். உங்க வண்டிக்குச் சக்கரம்னு சொல்லிட்டீக, மாட்டிக்கிட்டீக.

முதல்ல ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். பந்தைப் புடிக்கிற இந்தக் கையிக்கு எத்தனை நாள் மெனக்கெட்டீக? மூணு மாசமா! அதான் விரலெல்லாம் நகப்பூச்சு போட்ட கணக்கா மினுங்குது. அடிவண்டிக்கு? வெள்ளிக்கிழமை ராத்திரியும் சனிக்கிழமை ராத்திரியும். ஞாயித்துக்கிழமை எங்க போனீக, சினிமாவுக்கா? சந்தோசம். பந்து கெடக்குற எடத்துக்கு வண்டி போயிச் சேந்தாத்தான கைக்குச் சோலி? போகலைன்னா அந்தக் கை மூணு நிமிசமும் சனத்தைப் பாத்து டாட்டா காட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மூணு மாசம் சாஸ்தி.

அடிவண்டிக்கு என்ன சக்கரம்னா மெக்கானம்ங்கிறீக. பேரைச் சொல்லும்போதே டீம் லீடரு மீசையைத் தடவிக்கிறாரு. மீசைதான் இன்னும் வரலை. அந்தச் சக்கரத்தை நான் குறை சொல்லலைய்யா. 1970கள்ல சுவீடன்காரரு பெங்க்ட் இலோன் யோசிச்சது. சக்கரத்தைச் சுத்தி 45 டிகிரி சாய்ச்சுச் சின்னச் சின்ன உருளைகளை மாட்டிட்டாரு. நாலு சக்கரத்தையும் வேற வேற தெசையில சுத்தவிட்டா, சாய்வுல பொறக்குற தள்ளு ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டு, வண்டி பக்கவாட்டுல போகும். நல்ல மூளை. ஆனா கழிச்சுக்கிட்டுன்னு சொன்னேன் பாரு, அங்கதான் சங்கதி இருக்கு. தரை கொடுக்கிற பிடிமானத்துல முக்கால் பங்குக்கும் கீழதான் முன்னால தள்ள மிஞ்சும். மிச்சம், ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தோட மல்லுக்கட்டுறதுல போயிரும். யாராவது பக்கத்துல வந்து இடிச்சாலோ, ஏத்தத்துல ஏற வேண்டியிருந்தாலோ அப்பம் தெரியும்.

அது போகட்டும். மெக்கானத்துக்கு இன்னொரு கிரகம் உண்டு: நாலு சக்கரமும் தரையில சமமா ஊனணும். மூணு ஊனி ஒண்ணு மெதந்தா, நேராப் போன்னு நீ சொல்லுவ, அது கோணலாப் போகும். நீ உடனே புரோகிராம்ல தப்பு இருக்குன்னு விடிய விடிய எழுத்தை மாத்திக்கிட்டு இருப்ப.

உங்களது எப்படி ஊனுதுன்னு பாத்துருவோமா? தாயி, அந்தச் செவத்துல தொங்குதுல்ல தினசரிக் காலண்டர், கிழிச்ச தாளைக் கீழ டப்பாவுல போட்டு வச்சிருக்கேன், அதுல நாலு எடு. சிவகாசியில பொறந்து இதுக்குக்கூட காலண்டர் உதவலைன்னா எப்படி? ரோபோவைக் கடப்பாக்கல்லு மேல எறக்குங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலயும் ஒரு தாளைச் சொருகு. இப்பம் ஒண்ணொண்ணா இழு. முதல் தாள் வரலை, கிழியப் பாக்குது. ரெண்டாவதும் வரலை. மூணாவது கொஞ்சம் முக்கிக்கிட்டு வருது. நாலாவது? ஊதுனாலே வந்துரும் போல! எந்த மூலை அது? பாட்டரியை வச்சிருக்கீகள்ல, அதுக்கு நேர் எதிர்மூலை. அந்தச் சக்கரம் ஜோராச் சுத்தும். சுத்தி என்ன செய்ய? அதுக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் மெதக்குது? ஸ்கொயர் பைப்பை அறுத்து ரிவெட்டு அடிச்சப்ப சட்டம் முறுக்கிக்கிச்சு. குறுக்களவாவது பாத்தீகளா? இந்தா நூலு. இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் புடி. முடிச்சுப் போட்டுக்க. இப்பம் மத்த ரெண்டு மூலைக்கும் புடி. ஒரு விரக்கடை குறையுதா? கம்ப்யூட்டர்ல சதுரமாத்தான் இருந்துச்சாம். கம்ப்யூட்டரா ரிவெட்டு அடிச்சது?

"ஜெயிக்கிற டீமெல்லாம் மூணு ஓம்னி, நாலு ஓம்னின்னுதான் தாத்தா போடுறாங்க"ன்னு இவன் முணுமுணுக்கான். கேக்குது எனக்கு. ஓம்னின்னா மெக்கானத்துக்குப் பங்காளி, உருளை வச்சுப் பக்கவாட்டுலயும் உருளுற சக்கரம். போடுறாங்கதான்! அவங்க போன வருசமும் அதையே போட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் சுத்தை எண்ணுற என்கோடர் மாட்டி, எங்கன வழுக்கும் எங்கன இழுக்கும்னு நாடி புடிச்சுப் பாத்தவங்க. சீனியர் ஜூனியருக்குக் கையைப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்த வித்தை அது. உங்க சீனியரு என்ன விட்டுட்டுப் போனாரு? ஒரு பை நெறைய அறுந்த ஒயரு. ஆட்டத்துல எத்தனை வாட்டி பக்கவாட்டுல நகர வேண்டியிருக்குன்னு விதிமுறைப் புத்தகத்தை வச்சு எண்ணிப் பாத்தீகளா? எண்ணலை. பத்து வாட்டின்னா ஓம்னி போடு, நானே சாப்டு கடைஞ்சு தாரேன். ரெண்டு வாட்டின்னா, திரும்பிப் போயிட்டுத் திரும்பி வரலாம். ரெண்டு செகண்டு போகும், உசுரு போகாது.

நீங்க எந்தக் காலேஜுன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன், அது உங்க காலேஜுக்கு நான் செய்யிற உபகாரம். நம்ம ஜில்லாவுல காலேஜுக்கா பஞ்சம்? 1984ல சிவகாசியில மெப்கோ, அதே வருசம் கிருஷ்ணன்கோவில்ல கலசலிங்கம், 1998ல விருதுநகர்ல காமராஜர் பேருல ஒண்ணு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வளந்த ஊருங்க எல்லாம் என்ஜினியரை வளக்குது. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தப்ப, அவங்களும் சும்மா வரலை, ஜெர்மன் மிஷினோட ஆரம்பிச்சதாத்தான் ஊருல சொல்லுவாக. பொறவு மிஷினை ஓரங்கட்டிட்டு, மானாவாரிப் பூமியில வேலையில்லாம நின்ன சனத்துக் கைக்கு ஏத்தாப்ல தொழிலை மாத்தி அமைச்சாக. ஜெர்மன்காரன் மூளை குறைஞ்சதுன்னா அர்த்தம்? இல்லை. நம்ம சோலிக்கு எது ஓடும்னு பாத்தாக, அம்புட்டுத்தான். நீங்க அந்த வம்சத்துல வந்துட்டு, கடையில எந்தச் சக்கரம் வெல கூடுதலோ அதைத் தூக்கிட்டு வந்திருக்கீக.

வேற என்ன வழி தாத்தான்னு கேக்கா பாரு, இந்தப் பிள்ளை பொழைச்சுக்கிரும். தாயி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பாத்திருக்கியா? ஆடிப்பூரத்துக்கு வடம் புடிக்கப் போயிருப்பீக எல்லாரும். போயி போட்டோ புடிச்சுட்டு வந்திருப்பீக. அம்மாம் பெரிய தேருக்கு ஸ்டியரிங் எங்கன இருக்குன்னு என்னைக்காவது தேடியிருக்கீகளா? கெடையாது. அச்சு திரும்பாது, சக்கரம் நேராத்தான் நிக்கும். ஆனாலும் நாலு ரதவீதி மூலையிலயும் தேரு திரும்பத்தான செய்யுது? எப்படி? திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து அமுக்குவாக. அது அடங்கி நிக்கும். எதிர்ப்பக்கத்துச் சக்கரம் உருண்டு முன்னால வரும். தேரு கொஞ்சங் கொஞ்சமா மொகத்தைத் திருப்பும். உங்க வாத்தியாரு டிஃபரன்சியல் டிரைவுன்னு போர்டுல எழுதிப் போட்டு பரீச்சைக்கு 16 மார்க்குக்குக் கேக்குற பாடம், அந்தக் கட்டை போடுற ஆளுக்கு அப்பன் சொல்லிக் கொடுத்தது. அவரு பரீச்சை எழுதலை. ஆனா அவருக்கு அரியரும் கெடையாது.

இடது பக்கம் ஒரு வேகம், வலது பக்கம் ஒரு வேகம். அம்புட்டுத்தான் டேங்க் டிரைவ். வழுக்காத ரப்பர் சக்கரம் போடு, பக்கத்துக்கு ரெண்டு மோட்டார் போடு, ஆரம்பிச்ச வாரத்துலயே வண்டி தரையில ஓடும்.

ஆனா தேரு திரும்புறப்ப ஒண்ணைக் கவனிச்சிருக்கணும். சக்கரம் உருளுறது மட்டுமில்லை, பக்கவாட்டுல தரையை அரைச்சுக்கிட்டே நகருது. வண்டி எம்புட்டு நீளமோ அம்புட்டு அரைப்பு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் கம்பெனி இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்திருக்கு. அப்படி இருந்தும் மூலைக்கு வந்தா இரும்புத் தகட்டை விரிச்சு, மசகைத் தடவி, அது மேல சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திருப்புறாக. பக்கவாட்டுப் பிடிமானத்தைக் கொறைக்காம நீளமான வண்டி திரும்பாது, அது பெல்லுக்கும் தெரியும், மசகுச் சட்டி தூக்குறவருக்கும் தெரியும்.

உங்க வண்டியைப் படுக்க வச்சு டேப்பைப் புடிங்க. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 60 சென்டி. இடதுக்கும் வலதுக்கும் நடுவுல 40. இதுல ரப்பரைப் போட்டுத் திருப்புனா மோட்டார் முக்கும், சக்கரம் தவ்வித் தவ்வித் திரும்பும், மேல இருக்க உங்க மினுங்குற கை கழண்டு வாத்தியாரு மடியில விழும். திருப்புற பலம் அகலத்துல இருந்து வருது, திரும்ப விடாத பலம் நீளத்துல இருந்து வருது. அதனால அகலத்தைவிட நீளத்தைக் கொறை. இடம் இல்லைன்னா முன்னால ரெண்டு சக்கரத்துக்கு மட்டும் ஓம்னி போடு. அதுதான் உனக்கு மசகுத் தகடு. உருளை பக்கவாட்டுல வழிவிட்டுரும், பின்னால உள்ள ரப்பர் தள்ளும். அதுவும் பிடிக்கலையா, ஆறு சக்கரம் போட்டு நடுச்சக்கரத்தை மட்டும் 3 மில்லி கீழ எறக்கு. எந்நேரமும் நாலு சக்கரம்தான் ஊனும், ஊனுற நீளம் பாதியாப் போயிரும், வண்டி நின்ன எடத்துல திரும்பும். அமெரிக்காவுல ஹைஸ்கூல் பிள்ளைக 1992ல இருந்து ஆடுற ஃபர்ஸ்ட் போட்டியில இது பழைய பாடம்னு பேரன் செல்லுல காட்டுனான். கலிபோர்னியாப் பக்கத்து டீமுக சக்கரத்தைச் சட்டத்துக்கு வெளிய தொங்கவிட்டு, உள்ளுக்குள்ள செயினை ஓட்டி அதை ஒரு பாணியாவே ஆக்கி, வெஸ்ட் கோஸ்ட் டிரைவுன்னு பேரும் வச்சுக்கிட்டாக. நாம முந்தியிருந்தா ரதவீதி டிரைவுன்னு வச்சிருக்கலாம். வடம் புடிச்ச கை வலிச்சுச்சு, விட்டுட்டோம்.

மோட்டாரு என்ன வாங்குனீக? அட்டையைக் காட்டு. 1000 ஆர்.பி.எம்.! அப்பாடி. எதுக்குய்யா, மதுரை பஸ்ஸைப் புடிக்கவா? இந்தா சாக்பீசு, இந்தா தரை, கணக்குப் போடுவோம். சக்கரம் 100 மில்லி. ஒரு சுத்துக்கு 31 சென்டிக்குச் சொச்சம். நிமிசத்துக்கு 1000 சுத்துன்னா செகண்டுக்கு 5 மீட்டருக்கு மேல. பிளைவுட்டுத் தரைக்கும் உங்க ரப்பருக்கும் பிடிமானம் 0.7ன்னு வச்சுக்க. அந்த வேகத்துல பிரேக்கைப் புடிச்சா நிக்க 2 மீட்டர் ஆகும். நீ பந்துக்கு முன்னால நிக்கணும்னு நெனைப்ப. அது வேலியைத் தாண்டி நடுவர் காலுல போயி நிக்கும். அதே சக்கரத்துக்கு 300 ஆர்.பி.எம். போட்டா செகண்டுக்கு ஒண்ணரை மீட்டர்; 10 மீட்டர் மேடையை ஏழு செகண்டுல கடந்துரும், பிரேக்கு அடிச்சா ஒரு சாணுக்குள்ள நின்னுரும். போதாதா?

இப்பம் தள்ளு எவ்வளவு வேணும்? 2024ல ரெண்டு ரோபோவும் பாட்டரியும் எல்லாஞ் சேந்து 50 கிலோன்னுதான் விதி வச்சாக. உங்களதை 25ன்னு வைப்போம். அதுல 0.7 பங்கு, 17.5 கிலோ. அதுக்கு மேல தள்ளுனா சக்கரம் வழுக்கும், தரை கொடுக்காது. சக்கரத்து ஆரம் 5 சென்டி. பெருக்கு: 87.5 கிலோ-சென்டி. நாலு மோட்டாருக்குப் பங்கு வை, ஆளுக்கு 22. அந்த 22ஐ மோட்டார் ஓடிக்கிட்டே கொடுக்கணும். அட்டையில கொட்டை எழுத்துல ஸ்டால் டார்க்குன்னு போட்டிருக்கான்ல, அது மோட்டார் நின்னுபோயி முனங்குற எடத்துக் கணக்கு. டி.சி. மோட்டார் அதுல பாதி பாரத்துல, பாதி வேகத்துலதான் முழுப் பலத்தையும் காட்டும். அப்பம் அட்டையில 45க்குக் கொறையாம இருக்கணும். உன் 1000 ஆர்.பி.எம். அட்டையில என்ன போட்டிருக்கு? கையை எடு, மறைக்காத. 10.

வண்டி செவத்துல முட்டி நின்னாலும் சக்கரம் வழுக்கிக்கிட்டே சுத்தணும், மோட்டார் நிக்கக் கூடாது. நின்னா கரண்டு எகிறும், டிரைவர் போர்டுல புகை வரும். அந்த வாசனையை மோந்து பாத்துட்டு "தாத்தா, கோடுல ஏதோ பக்"ன்னு வருவீக. நம்ம ஊருல எரிஞ்ச வாசனை எதுன்னு மூக்குக்குத் தெரியாதவன் உண்டா?

டோக்கியோவுல மசாஹிரோ மோரின்னு ஒரு வாத்தியாரு. ரோபோ போட்டிக்கு அவருதான் தகப்பன்னு சொல்லுவாக. பிள்ளைகளுக்கு அவரு வச்ச ஆட்டம் என்ன தெரியுமா? டார்ச் லைட்டுப் பாட்டரி ரெண்டு. அதை மட்டும் வச்சு ஒரு ஆளு உக்காந்து போற வண்டியைச் செய்யணும். ரெண்டே பாட்டரி! பேரிங்குல எம்புட்டு உரசுது, பல்லுல எம்புட்டு வீணாகுதுன்னு பாத்துப் பாத்துத்தான செஞ்சிருப்பாக அந்தப் பிள்ளைக? உங்ககிட்ட ஆறு செல்லு லித்தியம், 22.2 வோல்ட்டு. இருந்தும் வண்டி திணறுதுன்னா பணக்காரன் வீட்டுப் பஞ்சம் அது.

எங்கன திணறுதுன்னு காட்டவா? லேத்துக்காரன் கண்ணுக்கு வந்த உடனே பட்டது, மரியாதைக்கு இம்புட்டு நேரம் சும்மா இருந்தேன். மோட்டார் சாப்டுலயே சக்கரத்தை மாட்டித் தொங்கவிட்டிருக்கீக. 25 கிலோவும் கியர்பாக்சுக்குள்ள உள்ள பித்தளைப் புஷ்ஷு மேல உக்காந்திருக்கு. சக்கரத்தைப் புடிச்சு ஆட்டிப் பாரு, கடகடன்னு ஆடுதா? சரி, இப்பம் அந்த கிரப் ஸ்க்ரூவைக் கழட்டிச் சக்கரத்தை உருவு. சாப்டைத் தொடைச்சிட்டு நகத்தால தடவு. சுத்திலும் வளையமா ஒரு கீறல் ஓடுதுல்ல? அது யாரு போட்டது? ஸ்க்ரூ போட்டது. மோட்டார் சாப்டைச் சுத்துது, சக்கரம் அசையாம நிக்குது, ஸ்க்ரூ நடுவுல உக்காந்து உழுதுக்கிட்டு இருக்கு. சக்கரம் சுத்துனா வண்டி ஓடும்ங்கிறது சாசுவதம் இல்லைன்னு இம்புட்டு நேரம் சொன்னேன். மோட்டார் சுத்துனா சக்கரம் சுத்தும்ங்கிறதும் சாசுவதம் இல்லைய்யா!

சக்கரத்துக்குத் தனிச் சாப்டு போடு. ரெண்டு பக்கமும் பேரிங் கொடு. பாரத்தை அது தாங்கட்டும், மோட்டார் சுத்துற சோலியை மட்டும் பாக்கட்டும். ஸ்க்ரூவை நம்பாத, கீவே அடிச்சு கீ போடு. முடியலைன்னா சாப்டுல ஒரு பக்கம் தட்டையா அரம் போட்டு, ஸ்க்ரூ முனை அந்தத் தட்டையில உக்காரட்டும். மோட்டாருல இருந்து செயின் இழு. சைக்கிள் செயின் அரை இஞ்சி, பாரம். கால் இஞ்சி போதும். செயின் ஓட ஓட நீளும், அதனால மோட்டார் போல்ட்டுத் தொளையை நீள்வட்டமா வெட்டி இழுத்துப் புடிக்க வழி வை. லாக்கு போடுறப்ப அதோட திறந்த வாய் செயின் போற தெசைக்குப் பின்னால இருக்கணும். வண்டி முன்னயும் பின்னயும் போகுமே தாத்தாங்கிறியா? ஜெயிக்கிற ஆளு முன்னாலதான் சாஸ்தி போவான்.

அப்புறம், ஓட்டிப் பழக எடம் வேணும்னு பட்டாசு ஆலையில காலியா இருக்க ஷெட்டைக் கேக்கப் போனீகளாமே? யாரு குடுத்த ரோசனை? எந்த மகராசன் சரின்னு சொன்னான்? நல்லவேளை, போர்மேன் தொரத்திவிட்டாரு. பிரஷ் மோட்டாரைப் பின்பக்கம் இருட்டுல பாத்திருக்கியா? ஓடுறப்ப உள்ளுக்குள்ள நீலமாப் பொறி பறக்கும். மருந்து கலக்குற எடத்துல இரும்புச் சுத்தியலை உள்ள விட மாட்டாக, செல்போனை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாக. உள்ள போற பொம்பளையாளு தகட்டைத் தொட்டு ஒடம்புல ஊறுன கரண்டை எறக்கிட்டுத்தான் காலெடுத்து வைக்கும். மணி மருந்து, அலுமினியப் பொடி எல்லாம் எங்கன தூசியா ஒட்டிக் கெடக்கும்னு சொல்ல முடியாது. அங்க போயி நாலு மோட்டாரையும் ஒரு லித்தியம் பாட்டரியையும் உருட்டப் போறாகளாம். இந்த வெளையாட்டுல மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பக்கம் கேட்டுல உங்க தலையைப் பாத்தேன், அப்பன்கிட்ட நேராப் போயிச் சொல்லிருவேன்.

பாட்டரியையும் ராத்திரி சார்ஜுல போட்டுட்டுத் தூங்குற பழக்கத்தை விடுங்க. ஊதிப்போன பாட்டரியை "இன்னும் ஒரு வாட்டி"ன்னு மாட்டாதீக. குத்துப்பட்டாலும் ஊதுனாலும் அது தனியா வச்சு ஒழிக்க வேண்டிய சரக்கு.

எடம்தான வேணும்? மார்கழி பொறந்தா கல்யாண மண்டபம் எல்லாம் ஈ ஓட்டும். மேனேஜரு எனக்குத் தெரிஞ்சவருதான். ஆனா டைல்ஸ் தரையில அப்படியே ஓட்டிப்புட்டு வராதீக. அங்க பிடிமானம் வேற, போட்டி மேடையில வேற. எட்டுக்கு நாலு பிளைவுட்டுப் பலகையை அடுக்கி, போட்டியில என்ன பெயிண்ட்டு சொல்லியிருக்கானோ அதையே அடிச்சுப் போடுங்க. பலகைக்குப் பலகை நடுவுல ஒரு மில்லி ஏத்த எறக்கம் இருக்கட்டும், வேணும்னே. அதுல வண்டி தடுக்குதான்னு பாக்கணும். கை இல்லாம ஓட்டுங்க முதல்ல. கை இருக்க எடத்துல அதே எடைக்கு ஒரு கருங்கல்லைக் கட்டி ஓட்டுங்க. எடை மேல இருந்தா திரும்புறப்ப வண்டி எப்படிச் சாயுதுன்னு கல்லு சொல்லும். கல்லு விழுந்தா உடையாது, கை விழுந்தா நீங்க அழுவீக.

யாரு ஓட்டப் போறா? லீடரா! ஏன், லீடருங்கிறதாலயா? எல்லாரும் ஓட்டிப் பாருங்க, பலகை மேல ஒரு ஓட்டுச்சில்லை வச்சு, அதைத் தொடாம ஒரு விரக்கடை தள்ளி யாரு நிறுத்துறாங்களோ அவங்க கையில ரிமோட்டைக் கொடுங்க. எனக்கென்னமோ இந்தத் தாயி நிறுத்திரும்னு தோணுது. அப்படி ஆச்சுன்னா லீடரு கோவிக்கக் கூடாது, கொடியைப் புடிச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்து கத்தலாம். அதுக்கும் ஒரு ஆளு வேணும்தான்.

சாப்டு கடையணும்னா அளவைத் தாள்ல எழுதிக் கொண்டாங்க. வாய்க்கணக்கு இங்க செல்லாது. பேரிங்கைக் கையில கொண்டாந்துட்டு அளவைச் சொல்லுங்க, பேரிங் வாங்குறதுக்கு முன்னால சாப்டைக் கடையச் சொல்லாதீக. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போட்டதுல ஆரம்பிச்ச காலண்டர் சோலி இன்னும் ஓயலை, பகல்ல லேத்து சும்மா நிக்காது. ராத்திரி ஒம்பதுக்கு மேல வாங்க. கூலி வேண்டாம். வாரப்ப சாத்தூர்க் காரச்சேவு அரைக்கிலோ, மிளகு போட்டது. இங்கன பஸ் ஸ்டாண்டுல வாங்கிட்டு சாத்தூர்ல வாங்குனேன்னு சொன்னீகன்னா, கடிச்ச உடனே கண்டுபுடிச்சிருவேன். அப்பம் 8 மில்லித் தொளை 9 மில்லியாப் போயிரும், பொறவு என்னையக் கேக்கக் கூடாது.